அக்காவின் மூன்று கார்டுகள்

அமெரிக்காவில் அக்கா வீட்டில் இரண்டு கிழமை நின்றபோது, அவர் என்னை ஒரு சதம் செலவழிக்க விடவில்லை. போன முதல் நாளே பெற்றோல் செட்டில் என் ஜெர்மன் கார்டைச் செருகினேன். இயந்திரம் கார்டுக்குரிய அமெரிக்கத் தபால் எண்ணைக் கேட்டது. என்னிடம் ஏது? "உன்ரை கார்ட் இங்கை ஒரு இடமும் எடுபடாது, உள்ளை வை" என்றார் அக்கா. வைத்தேன். பிறகு பதினான்கு நாளும் அவருடைய பணப்பைக்குப் பின்னால் திரிந்தேன். அக்காவின் பிள்ளைகளுக்கு ஒரு ஐஸ்கிரீம்கூட வாங்கிக் கொடுக்க முடியவில்லை. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. என் குணம் அப்படி, பதிலுக்குப் பதில் செய்யாமல் எனக்குச் சோறு இறங்காது.

ஆகவே போன வருடம் அக்கா ஜெர்மனியில் நான் இருக்கும் ஸ்டுட்கார்ட்டுக்கு வருகிறார் என்றதும் ஒரு பட்டியல் போட்டேன். கார்டைக் கண்டால் தலையாட்டி மறுக்கும் கடைகள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கின்றன. காசு மட்டும் என்று எழுதி ஒட்டிய பேக்கரிப் பாண் கடை, சனிக்கிழமைச் சந்தை, ஜெர்மன் வங்கிக் கார்டைத் தவிர வேறெதையும் தொடாத சாப்பாட்டுக் கடை. அரண்மனையோ பூங்காவோ, இவற்றுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

அக்கா மூன்று பளபளக்கும் கார்டுகளோடு வந்து இறங்கினார். கையில் ஒரு டொலர் தாள்கூட இல்லை. முதல் நாள் பாண் கடையில் மூன்றையும் ஒவ்வொன்றாக நீட்டினார். கடைக்காரப் பெண் மூன்று முறை தலையாட்டினாள். நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு காசைக் கொடுத்தேன். அடுத்த நாள் அக்கா பண இயந்திரத்தைத் தேடிப் போனார். அது பின் நம்பர் கேட்டது. அவருடைய கார்டுகள் மூன்றும் கடன் கார்டுகள்; எதற்கும் அப்படி ஒன்று கிடையாது, அமெரிக்காவில் அவருக்குத் தேவைப்படவும் இல்லை.

"பரவாயில்லை அக்கா, நான் இருக்கிறன்தானே" என்றேன். எவ்வளவு நல்ல தங்கச்சி!

நாலாம் நாள் சந்தையில் அக்காவுக்கு அவசரம் வந்துவிட்டது. அங்கிருந்த பொது ரொய்லெட்டின் கதவு ஐம்பது சதம் போட்டால்தான் திறக்கும். நான் கைப்பையைத் துழாவினேன். சாவி வந்தது, பழைய ரயில் டிக்கெட் வந்தது, சில்லறை வரவில்லை. அக்கா காலை மாற்றி மாற்றி நின்றார். எனக்குச் சிரிப்பு முட்டியது. நிமிர்ந்து பார்த்தால் அவருடைய கண் கலங்கியிருந்தது.

"நாலு நாளா உன்னட்டைக் கையேந்திக்கொண்டு நிக்கிறன்" என்றார். "என்ரை தங்கச்சிக்கு ஒரு தேத்தண்ணி வாங்கித்தர எனக்கு ஏலாமக் கிடக்கு. இப்ப இதுக்கும் உன்னட்டைத்தான் கேக்க வேண்டிக் கிடக்கு."

சில்லறை அகப்பட்டது. அவர் உள்ளே போனதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அமெரிக்காவில் நான் பட்ட பாடு இதேதான். தெரிந்துகொண்டே அவருக்கும் செய்திருக்கிறேன்.

வெளியே வந்தவரைப் பட்டியலில் இல்லாத ஒரு கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போனேன். கேக்கும் கோப்பியும் முடிந்து பணிப்பெண் கார்ட் இயந்திரத்தைக் கொண்டுவந்தாள். முதல் கார்டை அது ஏற்கவில்லை. அக்கா அடுத்ததை எடுத்துச் சேலைத் தலைப்பு இல்லாத குறைக்குச் சட்டையில் துடைத்தார். ஐயோ, இதிலும் தோற்றால் மனுசி உடைந்துவிடுவாரே என்று நினைத்தேன். இரண்டாவது கார்டுக்கு இயந்திரம் டொலரா யூரோவா என்று கேட்டது.

"யூரோவை அமத்துங்கோ. டொலர் எண்டால் கூடுதலாக் காசு எடுப்பாங்கள்" என்றேன்.

அழுத்தினார். பற்றுச்சீட்டு வந்தது, கையெழுத்துக் கேட்டது. அக்கா காணி உறுதிப் பத்திரத்தில் வைப்பதுபோல நிதானமாக முழுப்பெயரையும் எழுதினார். முகம் மலர்ந்துவிட்டது. என் பட்டியலைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"உன்ரை கார்டும் அங்கை வேலை செய்திருக்கும். பெற்றோல் செட்டிலை மட்டும்தான் ஏலாது. நான்தான் சொல்லேல்லை."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். பணிப்பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு, கடையிலேயே விலை கூடிய கேக்கில் இரண்டு துண்டு கொண்டுவரச் சொன்னேன்.

"இதுக்கும் நீங்களே காசு கட்டுங்கோ" என்றேன்.