ஆறுமணிக்குருவி வரவில்லை என்று எழுதியவன்

இரண்டு வருடம் தொடர்ந்து நான் ஒரு பொய்யை எழுதி அனுப்பினேன். பொய் என்று தெரியாமல் எழுதினேன் என்பது மட்டும்தான் என் பக்கத்து நியாயம்.

அப்போது இலங்கையில் குருவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெக்டரியில் மில் ஓட்டிக்கொண்டிருந்தேன். உறைந்த ரப்பர் பாலைச் சீட்டாக அழுத்துகிற இயந்திரம் அது. பக்கத்தில் நிற்பவனிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். பதினெட்டு வருடம் அதன் அருகில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் வேறு ஆள். இரத்தினபுரியில் விஞ்ஞானம் படிப்பித்த ஒரு டீச்சர், பறவை பார்க்கும் சங்கம் ஒன்று நடத்தினார். பத்துப் பேர்கூட இல்லாத சங்கம். இருந்தது ஒரே ஒரு பைனாகுலர். யுத்த காலம், அதற்கும் செக்பொயிண்டில் காட்ட ஒரு கடிதம் வேண்டும். அங்கே தோட்டத்து ஆள் நான் ஒருவன்தான். தோட்டத்தில் என்னை மில்லுக்காரன் என்பார்கள். டீச்சரோ, "இவரு எங்க தோட்டத்து நிருபர்" என்று நாலு பேர் முன்னால் அறிமுகப்படுத்துவார். அந்த ஒரு சொல்லுக்காகவே கிழமை முழுக்க ரப்பர் நாற்றத்தைச் சகித்தேன்.

வடக்கேயிருந்து வலசை வரும் பறவைகள் எங்கள் தோட்டத்துக்கு எப்போது வந்தன, எப்போது போயின என்று மாதம் ஒரு படிவம் நிரப்பி அனுப்புவது என் வேலை. அதில் முக்கியமானது ஆறுமணிக்குருவி. ஐப்பசியில் இந்தியாவிலிருந்து வரும், சித்திரையில் திரும்பிவிடும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரட்டை விசில் அடிக்கும். புதர்ப் பற்றைக்குள் தரையிலேயே நடமாடுவதால் அதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு பருவமாக அது வரவில்லை. விடியற்காலையில் ஓடைக்கரையில் நின்று நின்று கால் கடுத்ததுதான் மிச்சம். "வரவில்லை" என்று எழுதினேன். அதோடு விட்டேனா? மேல்பக்கம் மாணிக்கக் குழி தோண்டுகிறவர்கள்தான் விரட்டிவிட்டார்கள் என்று ஒரு பக்கத்துக்குக் காரசாரமாக எழுதினேன். கூட்டத்தில் எழுந்து மேசையைத் தட்டினேன். அந்த நாட்களில் எனக்கு எல்லோர் மேலும் கோபம். மனைவி வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாள் என்று வீட்டிலும் தினம் சண்டை.

டீச்சர் என்னை அப்படியே நம்பினார். பங்குனிக் கடைசியில், பறவைகள் திரும்பிப் போகும் நேரத்தில், சங்கம் வருடா வருடம் ஒரு பயணம் போகும். அந்த வருடம் அதை எங்கள் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார். "ரெண்டு வருஷமா வரலன்னா சும்மா விடக்கூடாதுங்க. நேர்ல பார்த்து, மேலிடத்துக்கு எழுதிக் குடுப்போம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல்நாளே ஐந்து பேர் வந்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். விடியும் முன் என்னோடு ஆறு பேராக ஓடைக்கரையில் குந்தினோம். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பறவை கூப்பிட்டால் யாரும் வாய் திறக்கக் கூடாது. சத்தம் வந்த திசைக்கு விரலை மட்டும் நீட்ட வேண்டும். எல்லோருக்கும் கேட்டிருந்தால், அல்லது எல்லோரும் பார்த்திருந்தால்தான் அது பட்டியலில் ஏறும்.

வெளுத்துக்கொண்டு வந்தது. டீச்சரின் விரல் எழுந்தது. என் பக்கத்தில் இருந்தவர் எங்கள் பாதையில் ஓடும் பஸ்ஸின் கண்டக்டர். சிங்களவர், தோட்டத்து ஆட்களோடு பேசிப் பேசியே தமிழ் பழகியவர். தம்பி என்பதற்குச் சிங்களத்தில் மல்லி; நான் அவரை மல்லி என்றுதான் கூப்பிடுவேன். அவர் விரலும் எழுந்தது. மற்ற மூன்றும் எழுந்தன. ஐந்து விரலும் ஒரே பற்றையைக் காட்டின.

எனக்கு ஓடைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அட கடவுளே! குருவி வந்திருக்கிறது. இரண்டு வருடமும் வந்துதான் இருக்கிறது. போனது என் காது. இது வெளியே தெரிந்தால் நிருபர் வேலையும் போச்சு, சங்கமும் போச்சு. வெட்கங்கெட்டவன், நானும் அதே பற்றைக்கு விரலை நீட்டினேன். கண்ணையும் அங்கேயே நட்டு வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஐந்து விரலும் இடப்பக்கம் திரும்பியதை நான் கவனிக்கவில்லை. தற்செயலாகத் திரும்பினால், மல்லி என் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எழுந்துவிட்டேன். "எனக்குக் கேக்கலங்க டீச்சர். ரெண்டு வருஷமா கேக்கல போல. பாவம், குழி தோண்டுறவங்க மேல பழியப் போட்டுட்டேன். செவிடனுக்கு எதுக்குங்க குருவிச் சங்கம்? இனிமே நான் வரல!"

கத்தியிருக்கிறேன். ஓடைக்கரையே அடங்கிப்போனதாம்.

மல்லி என் சாரத்தைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "குந்துங்க அண்ணே. இப்ப குருவிய வெரட்டுறது நீங்கதான்."

டீச்சர் நகர்ந்து வந்து என் காதருகே சொன்னார்: "நீங்க பார்க்காம அது பட்டியல்ல ஏறாதுங்க. நீங்க பார்க்கிற வரைக்கும் ஒருத்தரும் எழும்ப மாட்டோம்."

அன்று எட்டு மணிக்குள் மலையுச்சிக்கு ஏறி, வடக்கே திரும்பும் பருந்துகளைப் பார்ப்பதாகத் திட்டம். வருடம் முழுக்க அவர்கள் காத்திருந்தது அதற்குத்தான். அந்த நேரமும் வந்தது, போனது. அட்டைகள் காலில் ஏறின. தட்டிவிட்டால் சத்தம் வரும் என்று கடிக்க விட்டுவிட்டு இருந்தார்கள். மல்லி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். குருவி மறுபடி கூப்பிட்டதும் இரண்டு தரம் அழுத்தினார். பிறகு என் கையை மெல்லச் சத்தம் வந்த பக்கம் திருப்பினார்.

சருகைப் புரட்டிக்கொண்டு வெளியே வந்தது. பச்சை முதுகு, கண்ணில் மை தீட்டின மாதிரி கறுப்புக் கோடு, வாலடியில் சிவப்பு. அண்ணாந்து அலகைத் திறந்தது. மல்லி அழுத்தினார். நான் அழுதுவிட்டேன். நாற்பது வயதுக்காரன் ஐந்து பேர் முன்னால் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில், மெஷின் சத்தம் கெடுத்த காது, இனித் திரும்பாது என்றார்கள். மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "இதக் கேக்க ரெண்டு வருஷமா ஒங்களுக்கு?" என்றாள், நன்றாகக் கத்தி.

புரட்டாசியில் எனக்குப் படிவம் வராது என்றே நினைத்திருந்தேன். வந்தது. டீச்சர் எல்லோருக்குமே அதை மாற்றி அச்சடித்திருந்தார்: கேட்டவர் என்று ஓர் இடம், பார்த்தவர் என்று ஓர் இடம். ஏன் என்று ஒருவருக்கும் விளக்கவில்லை. ஐப்பசி பிறந்ததும், ஒரு சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் மல்லி வந்திறங்கினார். கிழமை முழுக்கப் பஸ்ஸில் தொங்குகிற மனிதர், கிடைத்த ஒரு லீவில் எங்கள் லயத்து வீட்டில் பாய் விரித்துப் படுத்தார். முதல் ஞாயிறு ஒன்றும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். மூன்றாவது ஞாயிறு குருவி வந்தது. படிவத்தில் கேட்டவர் இடத்தில் அவர் தன் பெயரைச் சிங்களத்திலும், பார்த்தவர் இடத்தில் நான் என் பெயரைத் தமிழிலும் எழுதினோம். பத்து வருடம் அப்படி எழுதினோம். ஒரு ஐப்பசிகூட அவர் வராமல் இருந்ததில்லை.