லாட்ஜ் விளக்குமாறைத் தொடாத பிச்சையம்மாள்

அந்த லாட்ஜின் பேரைச் சொல்ல மாட்டேன். திட்டி எழுதினாலும் அது விளம்பரம்தான். தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அருப்புக்கோட்டைத் தறிச் சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கடைகளுக்குப் போடுகிற வியாபாரம் எனக்கு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாதம் ஒரு ராத்திரியாவது அங்கே தங்கித்தான் ஆக வேண்டும். தலையணையில் முந்தின ஆளின் தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கும். மூட்டைப்பூச்சி கடிக்கிறதே என்று கேட்டால், "நேத்துத்தான் மருந்தடிச்சோம் அண்ணாச்சி" என்பார் மேனேஜர். போர்வையைத் துவைத்ததும் நேத்துதான், ஃபேனைச் சரிபார்த்ததும் நேத்துதான். அந்த நேத்து எப்போது வந்துபோனது என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. வாடகை குறைவு என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஒரு ஆடி மாதக் காலை. கீழ்த்தள ரூமில் படுத்திருந்த என் நெற்றியில் சொட்டென்று தண்ணீர் விழுந்தது. அண்ணாந்து மச்சியைப் பார்த்தால், தளம் ஊறிப்போய்க் கிடக்கிறது. எனக்கு வந்ததே கோபம். சேலை மூட்டையைக் கட்டில் மேல் தூக்கிப் போட்டுவிட்டு, பனியனோடு வரவேற்பு மேஜைக்குப் போனேன். அங்கே மேனேஜர் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தார். அவர் முன்னால் ஒரு நடுவயசு அம்மாவும், பாவாடை தாவணி கட்டிய பெண்ணும் நின்றிருந்தார்கள்.

அந்த அம்மாவின் பேர் பிச்சையம்மாள். திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். கணவர் ஆண்டிச்சாமி கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து செத்துப்போனபோது, மகள் துர்காதேவி கைக்குழந்தை. பிச்சையம்மாள் களையெடுத்தார், கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டார், கொத்தமல்லிக் காட்டில் கூலிக்குப் போனார். பிறகு அரசுப் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. வகுப்பறை கூட்டுவதும் கக்கூஸ் கழுவுவதும்தான் வேலை. அந்தச் சம்பளத்தில், அதே பள்ளிக்கூடத்தில், மகளைப் பிளஸ் டூ வரைக்கும் படிக்க வைத்தார். இப்போது தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வந்திருந்தார்கள். காலை பத்து மணிக்குச் சர்டிபிகேட்டோடு போய் நிற்க வேண்டும். இதெல்லாம் பிற்பாடு பஸ்ஸில் கேட்டுத் தெரிந்துகொண்டது.

முந்தின நாள் சாயங்காலமே மேனேஜர் தன் குணத்தைக் காட்டிவிட்டார். "ஆம்பள துணை இல்லாம ரூம் கெடையாது" என்று இரண்டு பேரையும் நிற்க வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டிய பிறகுதான் மாடியில் ஒரு ரூம் கொடுத்தாராம். பைப்பில் தண்ணீர் வரவில்லை. காலையில் ஒரு தடவை மோட்டார் போடும்போது மட்டும்தான் வரும் என்று சொல்லவும் இல்லை. மறுநாள் அவர் கத்தும்போதுதான் அது தெரிந்தது.

அதனால் பிச்சையம்மாள் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதைச் செய்தார். பைப்பை நன்றாகத் திறந்து, அடியில் வாளியை வைத்தார்.

எங்கள் ஊரில் இது ஊதாரித்தனம் இல்லை. தண்ணீர் என்றைக்கு, எத்தனை மணிக்கு வரும் என்று திறந்துவிடுகிற ஆளுக்கே தெரியாது. குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் வீட்டுக்காரர் ஓடிவருவார். வீட்டில் ஆள் இல்லையா, பக்கத்து வீட்டுக்காரி வந்து குடத்தை மாற்றி வைப்பாள். பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும் மாற்றி வைப்பாள். அந்த நம்பிக்கையில்தான் அம்மாவும் மகளும் கதவைப் பூட்டாமல் சும்மா சாத்திவிட்டு, விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு வழி பார்த்து வரக் கிளம்பியிருக்கிறார்கள். பக்கத்து ரூமில்தான் ஆள் இருக்கிறதே.

ஆள் இருந்தது. பல் தேய்த்துக்கொண்டே வேடிக்கை பார்க்க வந்த அந்த மனுஷன், "சத்தம் கேட்டுச்சு. நமக்கென்னன்னு படுத்துட்டேன்" என்று எங்களிடமே சொன்னார். வாளி நிறைந்து, பழைய ஷாம்பு பாக்கெட் துவாரத்தை அடைத்துக் கிடந்த குளியலறையில் தண்ணீர் தேங்கி, ரூமில் பரவி, படியில் இறங்கி, என் நெற்றிக்கும் வந்துவிட்டது.

இவர்கள் திரும்பி வந்தபோது ரூமில் லாட்ஜின் பூட்டு தொங்கியது. சர்டிபிகேட் வைத்த பை மேஜைமேல் நனையாமல் இருந்தது, ஆனால் உள்ளே இருந்தது.

"பட்டிக்காட்டு ஆளுகளுக்கு ரூம் குடுத்தது என் தப்பு" என்றார் மேனேஜர்.

"தப்பாப் போச்சுய்யா. எங்க ரூமையும் தண்ணி போன படியையும் நானே தொடச்சுத் தாரேன். கதவத் தெறந்து விடுங்க" என்றார் பிச்சையம்மாள். நியாயமான பேச்சு. அதோடு முடிந்திருக்க வேண்டும்.

மேனேஜர் மூலையில் கிடந்த விளக்குமாறைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டார். "படி, வராண்டா, கீழ இருக்க கக்கூஸ் மூணு. எல்லாத்தையும் கழுவிட்டுப் பைய வாங்கிக்கோ. ஸ்கூல்ல கூட்டுற வேலைன்னு நீதான நேத்துச் சொன்ன? ஒனக்கு என்ன புதுசா?"

காலால் தள்ளினார்.

"யோவ், எந்தலையில தண்ணி விழுந்துருக்கு. நானே சும்மா இருக்கேன்" என்று நான் குறுக்கே போனேன். உடனே அந்த மனுஷனின் முகம் மாறியது. "அண்ணாச்சி, நீங்க உக்காருங்க. வேற நல்ல ரூமா மாத்தித் தாரேன். காபி சொல்லட்டா?" என்றார். அதே தண்ணீர். எனக்குக் காபி, அந்த அம்மாவுக்கு விளக்குமாறு. இத்தனை வருஷம் நான் கேட்டும் கிடைக்காத புதுத் தலையணை உறைகூட அன்றைக்கு வந்திருக்கும் போலிருந்தது. "ஒங்காபிய நீயே குடி" என்றேன்.

சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டரை தாண்டியிருந்தது. துர்காதேவி அழுதுகொண்டே குனிந்தாள். "நான் கழுவுறேம்மா. நேரமாகுது."

"தொடாத."

பிச்சையம்மாள் சத்தம் போடவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்து நிமிர்த்தினார். பிறகு மேனேஜரைப் பார்த்துச் சொன்னார். "பள்ளிக்கூடத்துல அது என் வேல. அதுக்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் குடுக்குது. இங்க நான் ரூம் எடுத்தவ. கழுவ மாட்டேன்."

சொல்லிவிட்டு, வருகிறவர்கள் உட்காரப் போட்டிருந்த சோபாவில் போய் உட்கார்ந்தார். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்தார். அதில் உட்காரக் கூடாது என்று மேனேஜர் கத்தினார். பிச்சையம்மாள் காதில் வாங்கவில்லை.

காலை பஸ்ஸில் இறங்கி, திருச்செந்தூருக்குப் போகிற ஒரு குடும்பம் குளித்துக் கிளம்ப ரூம் கேட்டு வந்தது. மேனேஜர் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தார். சோபாவிலிருந்து பிச்சையம்மாள் சொன்னார்: "தண்ணி காலைல ஒரு தடவதான் விடுவாக. இன்னைக்கு விட்டு முடிஞ்சது. இனி நாளைக்குத்தான். கேட்டுட்டு ரூம் எடுங்க."

அந்தக் குடும்பத் தலைவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். குடும்பம் வெளியே போய்விட்டது.

அடுத்து மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். "ரூமுக்குள்ள ஏதும் ஆச்சுன்னா ஒங்க பைய உள்ள வச்சுப் பூட்டிருவாக. எம் மக சர்டிபிகேட்டு உள்ளதான் இருக்கு" என்றார் பிச்சையம்மாள். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. மூட்டைப்பூச்சி, ஃபேன், தலையணை என்று என் பங்குக்கு நான் எடுத்துவிட்டேன். அவரும் போய்விட்டார்.

இரண்டு பெரியவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே மேனேஜர் சாவியை மேஜைமேல் விசிறியடித்தார். "எடுத்துட்டுத் தொலைங்க."

மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாதிரி ஆட்கள் கேட்கவும் மாட்டார்கள். துர்காதேவி சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். மணி பத்தாக இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. நான் ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினேன். முகம் கழுவ அந்தப் பிள்ளைக்கு நேரமில்லை. அழுத கண்ணோடுதான் ஏறினாள்.

இடம் கிடைத்தது. கடைசி ஆளாகக் கூப்பிட்டார்களாம், கேள்வி கேட்டார்களாம், சாயங்காலமே பேரும் சொல்லிவிட்டார்களாம். கதையை இதோடு முடித்தால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் நல்லது நடந்துவிட்டது என்பதற்காக காலால் தள்ளிய அந்த விளக்குமாறை நான் மன்னிக்கத் தயாரில்லை. அந்த லாட்ஜில் அதற்குப் பிறகு நான் தங்கவில்லை. வாடகை கூடுதலான வேறொன்றில் தங்குகிறேன். அங்கேயும் தலையணை அப்படித்தான் இருக்கிறது.

அன்றைக்கே அருப்புக்கோட்டை திரும்புகிற பஸ்ஸில் அவர்களுக்குப் பின் சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். என் ஊர் எது என்று கேட்டு, பிச்சையம்மாள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு வந்தார். எட்டயபுரம் தாண்டிய பிறகு மகள் திடீரென்று அம்மாவிடம் கேட்டாள்.

"ஏம்மா, கழுவிட்டுப் போயிருந்தா அப்பவே பை கெடச்சிருக்கும். நேரம் தப்பி, எனக்கு எடம் போயிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது.

"அடுத்த வருசம் வேற ஆஸ்பத்திரி பாத்திருப்போம்" என்றார் பிச்சையம்மாள். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"பள்ளிக்கூடத்துல நான் கழுவுறத நீ தெனமும் பாத்திருக்க. அது வேல. இன்னைக்கு அவென் சொல்லி நான் கழுவியிருந்தா அதையும் நீ பாத்திருப்ப. அத ஒங் கண்ணுல இருந்து நான் எதப் போட்டுக் கழுவ?"