ஒரு சொட்டுகூட ஒழுகாத டேங்க்

வெந்நீர் ஹீட்டர் ரிப்பேர் என்பது, தண்ணீர் சூடாகும்வரை எல்லாரும் நம்மைத் திட்டுவதும், சூடானபிறகு எல்லாரும் நம்மை மறந்துவிடுவதுமான தொழில். வீடு வீடாக ஏறி இறங்கி ஏச்சு வாங்கும் வேலை எதுவாக இருந்தாலும் நீங்கள் என் ஆள்தான். ஏர்கான் கழுவுபவர், வாஷிங் மெஷின் பார்ப்பவர், எல்லாரும் இதைப் படியுங்கள். நான் தொடக்கப்பள்ளி நான்காம் வகுப்போடு நின்றவன். ஆனால் முப்பத்தொரு வருடமாகச் சிங்கப்பூரில் தண்ணீரின் பிரஷரை அளந்துகொண்டிருக்கிறேன். என்னை யார் என்ன சொன்னார்கள் என்பதும் அப்படியே ஞாபகத்தில் இருக்கிறது.

கல் வைத்த ஷவர்

குவீன்ஸ்டவுனில் பழைய பிளாக், ஒன்பதாவது மாடி. ஷவரைத் திறந்தால் ஹீட்டர் எரியவில்லை. எனக்கு முன்னால் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, “பழைய பைப், பிரஷர் இல்லை, ஹீட்டரை மாற்றுங்கள்” என்று சொல்லியிருந்தார்கள். புது ஹீட்டரும் மாட்டியாயிற்று. அதுவும் எரியவில்லை! இந்தச் சின்ன ஹீட்டருக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் வேகமாக ஓடினால்தான் அது விழித்துக்கொள்ளும். மெதுவாக வந்தால் தூங்கிவிடும். பிரஷர் அளக்கும் என் கேஜைக் குழாயில் மாட்டினேன். முள் நன்றாக ஏறி நின்றது. அப்படியானால் தண்ணீர் எங்கே தடைபடுகிறது?

ஷவர் தலையைக் கழற்றினேன். உள்ளே பச்சை, சிவப்பு, வெள்ளை என்று மூன்று அடுக்குப் பொடிக்கல். வீட்டுக்காரர் ஆன்லைனில் வாங்கியதாம். அந்தக் கல் வழியாகத் தண்ணீர் வந்தால் முடி கொட்டாதாம். அவர் தலையில் கொட்டுவதற்கு இனி எதுவும் இல்லை என்பதை நான் சொல்லவில்லை. ஷவர் தலை இல்லாமல் தண்ணீரைத் திறந்தேன். ஹீட்டர் ‘டக்’கென்று எரிந்தது, ஆவி பறந்தது! அவர் கண்ணாடியில் தன் தலையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: “வெந்நீரும் வரல, முடியும் வரல அங்கிள். அந்தக் கல்லை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க லா.”

காத்தோங் வாளி

இனி வருவதுதான் நான் சொல்ல வந்தது. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு, காத்தோங்கில் கமலா அம்மா வீடு. தரையோடு அமைந்த தனி வீடு, பாத்ரூம் மேல்தட்டில் பெரிய டேங்க் ஹீட்டர். அதன் சேஃப்டி வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. கீழே ஒரு சிவப்பு வாளி. “இந்தச் சத்தம் கேட்டுக் கேட்டுத் தலைவலி வருது, முதல்ல இதை நிறுத்துங்க” என்றார்.

நான் பொறுமையாக விளக்கினேன். “அம்மா, தண்ணி சூடானா விரியும். விரிஞ்ச தண்ணி போக ஒரு வழி வேணும். அந்த வழிதான் இந்த வால்வு. இது ஒழுகணும். கெட்டுப்போனது வேற, உங்க தெர்மோஸ்டாட். அது சூட்டை நிறுத்த மாட்டேங்குது. அதை மாத்தணும்.” அவர் கேட்கவில்லை. வால்வு வாயில் ஒரு மூடியைப் போட்டு அடைத்துவிடச் சொன்னார். நான் முடியாது என்றேன். அது வெடிகுண்டுக்குத் திரி வைக்கிற வேலை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். மறுநாள் மனம் கேட்காமல் தெர்மோஸ்டாட்டைப் பற்றிச் சொல்ல இரண்டு முறை போன் செய்தேன். என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அன்று நான் வாசல் கதவைத் தாண்டும்போது, உள்ளே இருந்த மகளிடம் அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: “ஒரு மூடி போடத் தெரியல, ஒழுகணும்னு பாடம் எடுக்கறாரு. படிக்காத ஆளைக் கூப்பிட்டது என் தப்பு.”

தேக்காவில் ஒரு நல்ல செய்தி

தீபாவளிக்கு முதல் நாள் மதியம். தேக்கா சந்தைக்குள் நுழைய இடமில்லை. வாழையிலை, பூ, ஆட்டிறைச்சி வரிசை, கத்தல். நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ வாங்கி ஒரு மேசையில் உட்கார்ந்தால் எதிரே குமரேசன்! ஒரு காலத்தில் என்னோடு வேலை பார்த்தவன், இப்போது தனியாகத் தொழில் செய்கிறான். என் ஏணியை இரவல் வாங்கிப்போய் ஏழு வருடமாகத் திருப்பித் தராதவன். எழுந்து போகலாம் என்று பார்த்தேன். தே சூடாக இருந்தது.

“அண்ணே, காத்தோங் வீட்டுல நீங்க முடியாதுன்னு விட்டுட்டு வந்தீங்களே, நான் மூணே நிமிஷத்துல முடிச்சேன்” என்றான். என்ன செய்தாய் என்று கேட்டேன். “ஒரு பித்தளை மூடி. அவ்வளவுதான்.”  வேண்டாத வீடு, நமக்கென்ன என்று கிளாஸைத் தூக்கினேன். அவன் விடவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, கமலா அம்மா அப்போதுதான் அனுப்பிய பாராட்டைப் பெருமையாக வாசித்துக் காட்டினான்: “தம்பி, வீட்டுல பதினோரு பேரு, காலையிலேர்ந்து ஹீட்டர் ஆன்லயே இருக்கு, ஒரு சொட்டுகூட ஒழுகல!”

ஒரே மோட்டார் சைக்கிளில்

நான் எழுந்த வேகத்தில் தே அவன் சட்டையில் போனது. “முட்டாளே, தெர்மோஸ்டாட் போயிருக்கு, வால்வையும் அடைச்சிருக்கே. காலையிலேர்ந்து கொதிக்கிற தண்ணி எந்த வழியா போகும்?” அவன் முகம் வெளுத்தது. உடனே கமலா அம்மாவுக்குப் போன் செய்தான். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. முறுக்குச் சுடும் கையில் யார் போனை எடுப்பார்கள்? என் வேன் நின்ற சந்தில் முன்னாலும் பின்னாலும் லாரி, நகரவே முடியாது. அவனிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது.

ஏழு வருடமாகப் பேசாத இரண்டு பேர் ஒரே வண்டியில்! சிராங்கூன் ரோடு முழுக்க ஜனம். மடியில் கருவிப்பை, தலையில் எனக்குப் பொருந்தாத ஹெல்மெட். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவன் போன் செய்தான், நான் திட்டினேன். பதினோரு பேர், பதினோரு பேர் என்றே மனம் அடித்துக்கொண்டது. இருந்தாலும், இவ்வளவு பக்கத்தில் அவன் காது கிடைக்கும்போது ஏணியைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியுமா? கேட்டேன். திரும்பிப் பார்க்காமல் கத்தினான்: “அண்ணே, அந்த வீட்டுக்கு ஒண்ணும் ஆகாம இருந்தா, ஏணியை இன்னைக்கே தந்துடறேண்ணே!”

துண்டோடு ஒரு மாப்பிள்ளை

கதவைத் திறந்த கமலா அம்மா என்னைப் பார்த்ததும், “உங்களை நான் கூப்பிடலையே” என்றார்.  பாத்ரூம் பக்கமிருந்து ஒரு உறுமல் வந்துகொண்டிருந்தது. டேங்க் அப்படி உறுமக் கூடாது. “குமரேசா, மெயின் சுவிட்ச்! எல்லாரும் வெளிய போங்க, அடுப்பை அணைச்சிட்டு வெளிய போங்க!” அந்த வீட்டுக்குத் தலைத் தீபாவளிக்கு வந்திருந்த மாப்பிள்ளை, பயணக் களைப்புத் தீரக் குளிக்கலாம் என்று துண்டைக் கட்டிக்கொண்டு பாத்ரூம் கதவில் கை வைத்திருந்தார். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் குழாயைத் திறந்திருப்பார், ஆவி அவர்மேல் அடித்திருக்கும். தோளைப் பிடித்து இழுத்தேன். யார் நீ என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

கரண்டை நிறுத்திவிட்டோம். ஆனால் அந்தச் சூட்டில் மூடியைத் தொட முடியாது. தானாக ஆற வேண்டும், வேறு வழியில்லை. கார் நிறுத்தும் இடத்தில் பதினோரு பேரும் நாங்கள் இருவரும் நின்றோம். உறுமல் அடங்குகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே நின்றேன். சுவரில் ஒரு ‘டங்’ சத்தம் வந்தபோது குமரேசன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நானும் உதறவில்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் மாப்பிள்ளையைப் பார்த்து “ஹேப்பி தீபாவளி” சொன்னார்கள். இரண்டு மணி நேரம் அப்படியே நின்றவர், கடைசியில் மாமியாரிடம் பணிவாகக் கேட்டார்: “அத்தை, ஒரு சட்டையாவது எடுத்துத் தரச் சொல்லுங்களேன்?”

பித்தளை மூடி

உறுமல் நின்றபிறகு நான் மட்டும் உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்தேன்; ஆவியில்லாமல் தண்ணீர் வந்தது. மூடியைக் கழற்றினேன். டேங்கின் அடிப்பக்கம் வெளியே பிதுங்கியிருந்தது. தெர்மோஸ்டாட் கருகிக் கிடந்தது. சூடு மிஞ்சினால் கரண்டை வெட்டவேண்டிய கட்-அவுட்டும் அதோடு சேர்ந்து கருகியிருந்தது.  வெளியே வந்து மூடியைக் கமலா அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். “இந்த டேங்க் இனி ஆகாது. நாளைக் காலையில அடுப்புல வெந்நீர் போட்டுக் குளிங்க” என்றேன்.

அவர் மூடியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ‘படிக்காத ஆள்’ என்ற அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். மூன்று வாரமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். உள்ளே போனார். ஒரு டின் நிறைய முறுக்கு கொண்டுவந்து என் கையில் திணித்தார். அப்புறம் என்னைப் பார்த்து மனத்தாங்கலோடு சொன்னார்: “இவ்வளவு பெரிய ஆபத்துன்னா, ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கக் கூடாதா மாணிக்கம்?”

தீபாவளி முடிந்து புது டேங்கும் நான்தான் மாட்டினேன், ஏணியும் வந்து சேர்ந்தது, அவர் போனில் என் நம்பர் மட்டும் இன்னும் பிளாக்கில் கிடக்கிறது, வால்வோ கீழே இருக்கும் சிவப்பு வாளியில் யாரையும் கேட்காமல் சொட்டிக்கொண்டிருக்கிறது.