தூண் இல்லாத மண்டபம்

அழ வைத்துவிட்டால் அது நல்ல படம் என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. சின்ன வெங்காயம் உரித்தாலும்தான் கண்ணீர் வருகிறது. அதற்காக வெங்காயத்துக்கு யாராவது விருது கொடுக்கிறார்களா?

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். லோடு ஏற்றிப்போன இடத்தில் என் வீட்டுக்காரர் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அதிலிருந்து மோகனூர் பக்கம் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். அம்மா, தம்பி, நான். இது போக, சீரியல் நேரத்துக்குத் தவறாமல் தெருவைத் தாண்டி வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும் அத்தை, அப்பாவின் அக்கா.

எங்கள் பக்கத்தை வைத்து ஒரு படம் வந்தது. நம்ம ஊர்ப் படம் என்று ஊரே தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. தம்பியோடு நானும் போனேன். கதாநாயகன் வாயைத் திறந்தால் ‘ஏனுங்க’, மூடினால் ‘ஆமாங்க’. எங்கள் பேச்சை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் வரப்புச் சண்டை வந்ததும் எல்லோரும் ‘டேய்’க்குத் தாவிவிட்டார்கள். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்களூரில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். பங்காளி பல்லைக் கடித்துக்கொண்டு “வாங்க, பேசிக்கலாங்க” என்றால் மண்வெட்டியை எட்ட வைப்பது நல்லது. இதை நான் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்போல, முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

“மெதுவாப் பேசுக்கா,” என்றான் தம்பி.

“படம் சத்தமாத்தான பேசுது? நான் பேசுனா என்ன?”

தம்பி அதற்கப்புறம் என்னைப் படத்துக்குக் கூட்டிப்போகவில்லை. போகட்டும். பார்க்கத் தெரிந்தவளுக்குச் சொல்லவும் தெரிய வேண்டும். வாயை மூடிக்கொண்டு பார்ப்பதற்கு நான் எதற்கு, நாற்காலியே போதுமே.

சண்டை பெரிதானது சீரியலில்தான். அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் அவன் கூடப் பிறந்தவளும் ஒன்றாக நிற்பார்கள். பெண்ணுக்கு எடுத்த கூறைப்புடவையின் ஒரு தலைப்பை அவனும் மறு தலைப்பை அவளும் பிடித்துக்கொள்வார்கள். கல்யாணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரர் சீர் செய்வார். பெண்டாட்டி வந்தாலும் கூடப் பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்று ஊரறியச் சொல்வது அது. தாலியில்லாதவள் அதில் நிற்கக் கூடாது என்பதும் வழக்கம்தான். அப்போது சித்தப்பா மகளையோ பெரியப்பா மகளையோ நிறுத்திச் சமாளித்துவிடுவார்கள்.

சீரியலில் ஒரு கல்யாணம் வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அக்கா புருஷனை இழந்தவள். தன் நிழல் தம்பிமேல் படக் கூடாது என்று மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அங்கிருந்தே அட்சதை போட்டாள். வெளியே இடி இடித்தது. அவள் முகத்தை வலமிருந்து, இடமிருந்து, மேலிருந்து எனத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அத்தை முந்தானையில் மூக்கைச் சிந்தினார். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மோசமான நாடகம்,” என்றேன்.

“உனக்கு எதுதான் புடிச்சுது? கல்லு மனசு,” என்றார் அத்தை.

“தையல் மிஷின் மிதிச்சுத் தம்பியப் படிக்க வெச்சான்னு அவங்களேதான் காட்டுனாங்க. இப்ப அந்தத் தம்பி எங்கக்கா எங்கேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டானா? எழுதுனவருக்கு அவ அழுவோணும். அதுக்காவ மத்த எல்லாரையும் ஊமையாக்கிப்போட்டாரு. இதுக்குப் பேரு கதை இல்லீங்க அத்தை, சோம்பேறித்தனம்.”

அம்மா மெதுவாகச் சொன்னாள்: “அந்தப் புள்ள எவ்வளவு பெருந்தன்மையா ஒதுங்கி நிக்குது பாத்தியா சாமி?”

சொல்லும்போது அம்மா டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது. தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இணைச்சீருக்குச் சித்தப்பா மகளைப் பேசி, அவளுக்குப் பட்டும் எடுத்துவிட்டார்கள். என்னிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. அந்த வேலையைச் சீரியலிடம் கொடுத்திருந்தார்கள்.

“உன் தம்பிக்குத் தோட்டத்து வேலைதானேன்னு எத்தன ஊட்டுல பொண்ணு குடுக்காம தட்டிக் கழிச்சாங்க? இப்பத்தான் அமைஞ்சிருக்குது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் என்ன சாமி பண்ணுவேன்?” என்று அம்மா அழுதாள்.

வலித்தது. பெற்றவளே என்னைப் பார்த்துப் பயப்படுகிறாளே. ஆனால் சீரியல்காரி மாதிரி அழ எனக்கு மனசு ஒப்பவில்லை.

“நான் எங்க போயி ஒளியறதும்மா? நம்ம மண்டபத்துல தூணே இல்லையே,” என்றேன்.

நிஜமாகவே இல்லை. எங்கள் பக்கத்துப் புது மண்டபங்கள் குடோன் மாதிரி இருக்கும். லாரியை உள்ளே விட்டுத் திருப்பலாம்.

மறுநாள் காலையில் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த தம்பியிடம் போய், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். அவன் மடையைப் பார்த்தபடியே, “பெரியவங்க பாத்துக்குவாங்கக்கா,” என்றான். சீரியல் தம்பி வாயைத் திறந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பான். எழுதினவரைச் சோம்பேறி என்று திட்டினேனே, அவர் என் வீட்டைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்று தோன்றியது. அன்று பட்டறையில் எனக்கு வேலையே ஓடவில்லை.

கல்யாணத்துக்கு அரக்குப் பட்டு உடுத்திக்கொண்டுதான் போனேன். அத்தை கையைப் பிடித்துப் பின்வரிசைக்கு இழுத்தார். உட்கார்ந்தேன். அருமைக்காரர், “கூடப் பொறந்தவ வாம்மா,” என்று கூப்பிட்டார். சித்தப்பா மகள் எழுந்தாள். நானும் எழுந்தேன். நான் நடந்த வேகத்தில் அவள் நின்றுவிட்டாள்.

“நான்தானுங்க கூடப் பொறந்தவ,” என்றேன்.

“ஏய், என்ன காரியம் பண்றே?” என்று அத்தை பின்னாலிருந்து கத்தினார்.

“நீங்க உக்காருங்க அத்தை. நல்லா உக்காந்து பாருங்க,” என்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு இன்னும் நாலு ‘ங்க’ போட்டிருப்பேன்.

இடி இடிக்கவில்லை. மேளம் நிற்கவில்லை. வீடியோக்காரர் ஒயர் தடுக்கித் தடுமாறினார், அவ்வளவுதான். தம்பி என்னைப் பார்த்தான். கூறைப்புடவையைப் பார்த்தான். அதன் ஒரு தலைப்பை எடுத்து என் பக்கம் நீட்டினான். அவன் வாய் என்னவோ அசைந்தது. மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. திட்டுகிறான் என்றே நினைத்தேன். திட்டினால் திட்டட்டும் என்று வாங்கிப் பிடித்துக்கொண்டேன். அருமைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “நேரமாகுது, ஆகட்டுங்க,” என்றார்.

அத்தை மனசு நொந்து சாப்பிடவே இல்லை என்று அப்புறம் ஊரெல்லாம் பேச்சு. பந்தியில் நான் பார்த்தேன். பாயசம் இரண்டாவது தரம் கேட்டு வாங்கினார். என்னிடம் மட்டும் பேசவில்லை. அம்மாவும் அளந்து அளந்துதான் பேசினாள். புதுப்பெண்ணுக்கு ஒரு தும்மல் வந்தாலும் அம்மாவின் கண் என்மேல் வந்து போகும். தம்பி அன்றைக்கு நடந்ததைப் பற்றி மூச்சே விடவில்லை. விருப்பப்பட்டுக் கொடுத்தானா, சபையில் மறுக்க முடியாமல் கொடுத்தானா என்று தெரியாமல் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. கேட்க எனக்கு ரோஷம் விடவில்லை.

பிறகு கல்யாண வீடியோ வந்தது. சீரியல் நேரத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். இணைச்சீர் வந்ததும் நிறம் போய்க் கறுப்பு வெள்ளையானது. மேளத்தைக் காணோம். அதற்குப் பதில் வயலின் அழுதது, ஒரு பெண் குரல் ‘ஆ… ஆ…’ என்று இழுத்தது. நான் மெதுவாக, மிக மெதுவாக நடந்துவந்தேன். என் முகத்தை வலமிருந்து, இடமிருந்து, மேலிருந்து காட்டினார்கள். அத்தை முந்தானையைத் தேடினார்.

“பாவம்,” என்றார். அத்தனை நாள் கழித்து என்னைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூண் இல்லாத மண்டபத்தில் எனக்கென்று ஒரு தூணைக் கட்டி, அதன் பின்னால் என்னைத் தள்ளிவிட்டார்கள். அங்கேயே ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டேன்.

“அந்த அழுவாச்சி மியூசிக்க எடுத்துப்போடுங்க தம்பி.”

“அக்கா, எமோஷனுக்குன்னு போட்டதுங்க. பாக்குறவங்க எல்லாம் அழுவாங்க.”

“அதுக்குத்தானுங்க எடுக்கச் சொல்றேன். நான் அங்க அழுவுலீங்க. நடந்துதானுங்க வந்தேன்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப மாப்பிள்ளை துண்டுல சொருகுன மைக்குச் சத்தம்தான் வரும். பரவால்லீங்களா?”

“என்ன சத்தம் வருதோ அது வரட்டுங்க.”

திருத்திய வீடியோவையும் எல்லோரும் சேர்ந்துதான் பார்த்தோம். நிறம் திரும்பியிருந்தது. என் அரக்குப் பட்டு அரக்காகவே இருந்தது. தூரத்தில் மேளம், ஒரு குழந்தையின் அழுகை, அத்தையின் ‘ஏய்’. நான் போய் நிற்கிறேன். தம்பி தலைப்பை நீட்டுகிறான். மைக்கில் அவன் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்டது.

“கெட்டியாப் புடிக்கா. யாரு சொன்னாலும் உட்றாத.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அம்மா அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இன்னொருக்கா போடு சாமி,” என்றாள். அத்தைக்கு இந்தத் தடவை அழுகை வரவில்லை. எனக்கு வந்தது, அடக்க முடியாமல் வந்தது. அழ வைத்துவிட்டால் அது நல்ல படம் ஆகிவிடாது என்று மூக்கைச் சிந்திக்கொண்டே அவர்களிடம் சொன்னேன்.