மருந்தடித்த மறுநாள்

வல்லக்கோட்டை பக்கம் ஒரு மல்லித் தோட்டத்தில் மருந்தடிக்கிறேன். பெரியவர்கள் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால், மொட்டுப் பறிக்கப் பிள்ளைகள்தான் வருவார்கள். ஒருமுறை நான் மருந்தடித்த மறுநாள் காலை, எங்கள் ஊர் முனியம்மாவின் மகள் தேவி பறித்துக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தாள். சின்னப் பிள்ளை. தூக்கிப்போய் கை, முகம் கழுவி, ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

சாயங்காலம்தான் கண் திறந்தாள். "மாமா, மடியில இருந்த பூவெல்லாம் கொட்டிக்கிச்சா? அம்மா திட்டும்."

"இல்ல கண்ணு, பத்திரமா கீது" என்று பொய் சொன்னேன்.

முதலாளியிடம் போய், "பிள்ளைங்க பறிக்க வந்தா நான் மருந்தடிக்க மாட்டேன்" என்றேன்.

"வேற ஆளு கிடைக்காதுன்ற தைரியமா?"

"ஆமாங்க" என்றேன்.

இப்போது கூலியைக் கூட்டிப் பெரியவர்களை வைத்திருக்கிறார். தேவி பள்ளிக்கூடம் போகிறாள். ஆனாலும் நான் செடிகளுக்கு நடுவே யாராவது இருக்கிறார்களா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் மருந்தடிக்கிறேன். பிள்ளைகள் செடி உயரம்தானே.