பன்னிரண்டு நாள் முந்தியவரும் ஒரு மாதம் பிந்தியவர்களும்

செத்துப்போன தாத்தாவின் காகிதத்தைக் காட்டி, உயிரோடு இருக்கும் பேரனுக்குப் பாஸ்போர்ட் வாங்கிக் கொடுப்பதுதான் எங்கள் ஆபீஸின் தொழில். நியூ ஜெர்சியில் போலந்து வம்சத்து அமெரிக்கர்கள் நிறையப் பேர். தாத்தா போலந்துக் குடிமகனாக இருந்தார், நடுவில் யாரும் அதை இழக்கவில்லை என்று நிரூபித்துவிட்டால், பேரனும் பிறந்த நாளிலிருந்தே போலந்துக் குடிமகன்தான் என்று அந்த நாட்டுச் சட்டம் ஒப்புக்கொள்ளும். போலந்தில் பிறந்த வக்கீல் பார்பரா வாதம் எழுதுவார். கோபிசெட்டிபாளையத்துக்காரியான நான் பழைய சான்றிதழ்களைத் தேடிப் பிடித்துத் தேதிவாரியாக அடுக்குவேன்.

நாங்கள் மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்து பதினேழு வருஷமாகிறது. இன்னும் கிரீன் கார்டு வரிசையில்தான் நிற்கிறோம். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் எனக்கு முன்னாலோ பின்னாலோ நிற்பீர்கள், அந்த வரிசையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதில் இங்கே வந்த என் மகள் தாரிணிக்கு வரும் அக்டோபரில் இருபத்தொன்று முடிகிறது. அதற்குள் எங்கள் முறை வராவிட்டால் எங்கள் கோப்பிலிருந்து அவள் பெயர் விழுந்துவிடும். பிறகு அவளாக வேறு விசா தேட வேண்டும், கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். எங்கள் வீட்டுத் தேதியை எண்ணிக்கொண்டுதான் தினமும் அடுத்தவர் வீட்டுத் தேதிகளை அடுக்குகிறேன்.

வரைபடத்தில் இல்லாத நாடு

கிறிஸ் என்று ஒருவர், பேக்கரி வைத்திருப்பவர், தாத்தாவின் பிறப்புச் சான்றைத் தேடித் தரச் சொன்னார். தேடிக் கொடுத்தேன். முழுக்க ரஷ்ய மொழியில் இருந்தது. தாத்தா வந்த கப்பலின் பட்டியலிலும் நாடு என்ற இடத்தில் ரஷ்யா என்றே போட்டிருந்தது. மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. நான் வேறு யாருடைய கோப்பையோ எடுத்து நீட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

பக்கத்து மூன்று ராஜ்ஜியங்களும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டதில் தாத்தாவின் ஊர் ரஷ்யாவிடம் போனதையும், நூறு வருஷத்துக்கும் மேல் அப்படியொரு நாடே வரைபடத்தில் இல்லாமல் இருந்ததையும் அவருக்கு மெதுவாக எடுத்துச் சொன்னேன். ஒரு போலந்துக்காரருக்கு அவர் நாட்டுச் சரித்திரத்தைக் கோபிக்காரி சொல்லிக்கொடுப்பது கலிகாலம்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தாத்தா ரஷ்யர்னா, அறுபது வருஷமா சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து தன்னையேவா திட்டிக்கிட்டிருந்தாரு?"

ஒரே கப்பல், ஒரே சத்தியம்

மார்க், லிண்டா இருவரும் ஒன்றாகவே வந்தார்கள். மார்க்கின் தாத்தாவும் லிண்டாவின் பாட்டியும் அண்ணன் தங்கை. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் ஒரே கப்பலில் வந்து, ஒரே நாளில், ஒரே கோர்ட்டில், பக்கத்துப் பக்கத்தில் நின்று அமெரிக்கக் குடிமக்களாகச் சத்தியம் செய்தவர்கள். அன்றைய போலந்துச் சட்டப்படி, பட்டாளத்துக்கு வர வேண்டிய வயதில் இருக்கும் ஆண், வெளிநாட்டில் என்ன சத்தியம் செய்தாலும், போலந்து அவனை விடாது. பெண்ணைப் பட்டாளத்துக்குக் கூப்பிடப் போவதில்லை, அதனால் சத்தியம் செய்த நிமிஷமே அவளைக் கைகழுவிவிடும். பட்டாளத்துக்குப் பயந்து ஓடிவந்த அண்ணனின் பேரனுக்குப் பாஸ்போர்ட் உண்டு, தங்கையின் பேத்திக்கு இல்லை.

இதை எழுதிய புண்ணியவான் அக்கா தங்கையோடு பிறக்காதவர் போலிருக்கிறது. பார்பரா தலையைக் குனிந்துகொண்டு இதை விளக்கியபோது, மார்க் தன் காகிதங்களை மடியில் மறைத்துக்கொண்டார். லிண்டா சத்தம் போடவில்லை. "எங்க பாட்டி சாகிற அன்னைக்கு வரைக்கும் போலிஷ்லதான் ஜெபம் பண்ணினாங்க. அது எந்த நாட்டுக்காரி பண்ணின ஜெபம்னு உங்க சட்டத்துல போட்டிருக்கா?"

பன்னிரண்டு நாள்

வால்டர் ஸ்கூல் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். மனைவி தவறிவிட்டார். தாத்தா பிறந்த ஊரில் ஒரு சின்ன வீட்டில் மீதி நாளைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வாரத்துக்கு இரண்டு தடவை ஆபீஸுக்கு வந்து, "ஏதாவது வந்ததா?" என்று கேட்டுவிட்டு, எனக்கு ஒரு டோனட்டும் வைத்துவிட்டுப் போவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய தாத்தாவின் அமெரிக்கக் குடியுரிமைச் சான்று வந்தது. மறுபடி பிறந்த போலந்து, யார் யார் தன் குடிமக்கள் என்று சொன்ன சட்டம் அமலுக்கு வந்தது 1920 ஜனவரி 31. தாத்தா அமெரிக்கரானது அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால். அதாவது அந்த மனிதர் ஒரு நாள்கூடப் போலந்துக் குடிமகனாக இருந்ததில்லை. இன்னும் இரண்டு வாரம் சோம்பலாக இருந்திருந்தால் போதும்! அந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. வால்டர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். "எங்க தாத்தா எந்த வேலைக்கும் லேட்டாப் போனதே இல்லம்மா."

காத்திருக்கும் அறையில்

அன்றைக்கென்று பார்த்து என் கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. காலேஜ் முடிந்து தாரிணி என்னை அழைத்துப்போக வந்தாள். வால்டர் எழுந்து போக மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். "எந்த ஊரும்மா உனக்கு?" என்று அவளைக் கேட்டார். அவள் யோசிக்காமல் "நியூ ஜெர்சி" என்றாள். "குடுத்து வச்சவ. உன்னை யாரும் காகிதம் கேக்கப் போறதில்ல" என்றார் அவர்.

தாரிணி என்னைப் பார்த்தாள். நான் ஸ்டேப்ளரைப் பார்த்தேன். அவள் தன் கதையை இரண்டே வரியில் சொன்னாள். ஞாபகமே இல்லாத ஊருக்கு அனுப்பப்படப் போகும் பெண்ணும், பார்க்காத ஊருக்குப் போக முடியாத கிழவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வால்டர் டோனட் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். "நான் போகணும்னா விட மாட்டேங்கிறாங்க, நீ இருக்கணும்னா விட மாட்டேங்கிறாங்க. ரெண்டு பேரு கோப்பையும் யாரோ மாத்தி வச்சுட்டாங்க போலிருக்கு."

ஆடி

இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஜூலையில், என் கணவரின் கம்பெனி எங்கள் கிரீன் கார்டு மனுவை ஆரம்பிக்க முன்வந்தது. எங்களிடம் கேட்டது பழைய வேலைச் சான்றிதழ்கள் மட்டும்தான். அவர் எல்லாவற்றையும் கவரில் போட்டு ஒட்டியும் விட்டார். நான்தான் தடுத்தேன். "ஆடி பொறந்துருச்சுங்க. நல்ல காரியத்த யாராச்சும் ஆடியில ஆரம்பிப்பாங்களா? ஆவணி மொத முகூர்த்தத்துல அனுப்பிக்கலாமுங்க." மனு போய்ச் சேரும் தேதிதான் வரிசையில் நம் இடம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. என் பேச்சைத் தட்டாத மனுஷன், கவரைச் சாமி படத்துக்கு அடியில் வைத்தார்.

வரிசையில் யார் வரைக்கும் முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் சொல்லும் விசா புல்லட்டின், அக்டோபருக்கானது, போன வாரம் வந்தது. அந்த ஆடியில் மனுப் போட்டவர்கள் வரைக்கும் கூப்பிட்டுவிட்டு நின்றுவிட்டது. என் கணவரோடு வேலை பார்த்து இப்போது ஃபிரிஸ்கோவில் இருக்கும் குமார் அந்த ஆடியிலேயே போட்டவர். அவர் பிள்ளைகளுக்கெல்லாம் கிடைத்துவிடும். எங்களைக் கூப்பிட இன்னும் ஒரு மாதமாகும், அதற்குள் தாரிணிக்கு இருபத்தொன்று முடிந்துவிடும். என் கணவர் எப்போதும்போல எனக்குக் காபி போட்டுக் கொடுக்கிறார், அதுதான் தாங்க முடியவில்லை. பார்பராவிடம் அழுதுகொண்டே சொன்னேன். "எங்க ஊர்லயும் மே மாசத்துல கல்யாணம் பண்ண மாட்டாங்க" என்று என் முதுகைத் தடவினார்.

வீட்டுக்குப் போய்த் தாரிணியிடமும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலண்டரைக் கழற்றி என் முன்னால் வைத்து, அபூர்வமாகத் தமிழிலேயே கேட்டாள்: "ஆடியில நல்லது எதுவும் பண்ணக்கூடாதுன்னு ஒரு மாசம் தள்ளி வச்சியேம்மா, என் பர்த்டேவையும் ஒரு மாசம் தள்ளி வைக்க முடியுமா?"

செத்துப்போனவர்களின் நூறு வருஷப் பழைய தேதிகளையெல்லாம் ஒரு நாள் பிசகாமல் எடுத்துக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன், அந்த ஒரு கவரை மட்டும் நேரத்துக்குத் தபாலில் போடத் தெரியவில்லை.