மூன்றாவது புத்தகம் வேண்டாம்

எங்கள் வீட்டில் போன் கூடத்தில் இருந்தது. எல்லாத் தொல்லைக்கும் அதுதான் காரணம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்து மச்சான் துபாயிலிருந்து கூப்பிடுவார். மச்சான் என்றால் என் வீட்டுக்காரர். அந்த நேரத்துக்கு மாமா பீங்கான் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு வந்துவிடுவார். மாமி அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடுவார். நாத்தனார் பக்கத்துத் தெருவிலிருந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். எல்லோரும் பேசி முடித்து என் கைக்கு ரிசீவர் வரும்போது, அங்கே போன் கார்டு தீரும் தறுவாயில் இருக்கும். கல்யாணம் ஆன கையோடு விமானம் ஏறிப் போன மனுஷன். மூன்று பேர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவரிடம் நான் என்னத்தைக் கொஞ்சுவது? சாப்பிட்டீர்களா என்பேன். சாப்பிட்டேன் என்பார். லைன் போய்விடும். எனக்கு வருகிற கோபத்துக்கு அந்த போனைத் தூக்கி மணிமுத்தாற்றில் போட்டுவிடலாம் போலிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் புதிதாக ஒன்று சொன்னார். அவரோடு ரூமில் தங்கியிருக்கிற திட்டக்குடிக்காரர் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார், அதில் ஒரு கேம் இருக்கிறது, வேலை விட்டு வந்தால் அதுதான் பொழுதுபோக்கு என்றார். சூரியனே உதிக்காத ஒரு நாடு. அதற்கு அடியில் பேய்களின் நகரம். கீழே போகிற படிக்கட்டின் முடிவில் ஓர் இரும்புக் கதவு, அதற்கு ஒரு காவல்காரன். பதிலுக்கு ஆள் வந்தால்தான் அவன் மேலே வீட்டுக்குப் போக முடியும். விளையாடுகிறவர்கள் அவனைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவன் ஒன்றே ஒன்றுதான் சொல்வானாம்: மேலே போனால் என் வீட்டில் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அந்தக் கேமின் கதையை வைத்தே இங்கிலீஷில் நாவல்கள் வந்திருக்கின்றன, திட்டக்குடிக்காரர் படித்துக் கதை சொல்கிறார், நீதான் காலேஜில் இங்கிலீஷ் எடுத்துப் படித்தவளாயிற்றே, அனுப்பட்டுமா என்று கேட்டார். அனுப்புங்கள் என்றேன். பேச ஒரு விஷயம் கிடைத்ததே என்று இருந்தது.

ஊருக்கு வந்த ஒருவர் மூலம் பார்சல் வந்தது. பார்சலைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும்தான் பிரிக்க வேண்டும், அதுதான் வழக்கம். மாமிக்குத் தைலம், மாமாவுக்கு டார்ச் லைட், நாத்தனாருக்கு செண்ட். என் பங்குக்கு இரண்டு தடிப் புத்தகங்கள். அட்டையில் கொம்பு முளைத்த ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ஷைத்தான் படம் இருக்கிற வீட்டுக்கு வானவர்களான மலக்குமார்கள் எப்படி வருவார்கள் என்று மாமி பதறிப்போய், பழைய காலண்டர் தாளைக் கிழித்து அட்டை போட்டுக் கொடுத்தார். கடையில் தரையிலிருந்து உத்தரம் வரை பீங்கான் பொம்மைகளை அடுக்கி விற்கிற குடும்பம் என்பதை நான் அப்போது நினைவூட்டவில்லை. வந்த புதிது.

முதல் புத்தகம் சுமார்தான். யார் யாரை வெட்டுகிறார்கள் என்பதே புரியவில்லை. இரண்டாவதில் அந்தக் காவல்காரனுக்கு ஒரு மனைவி வந்தாள். மேல் ஊரின் மதில் மேல் தினமும் விளக்கேற்றி வைக்கிறவள். அதன்பிறகு கீழே வைக்க மனசு வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ரிசீவர் கைக்கு வந்ததும் நான் கேட்டேன்:

"காவல்காரனுக்கு லீவு கெடச்சுதா மச்சான்?"

அந்தப் பக்கம் சிரித்தார். "பதிலுக்கு ஆளு வரணுமே. ஆனா வூட்டுக்கு வந்துடுவான். அவனுக்கும் ஊரு நெனப்பாத்தான் இருக்குது."

கன்னம் சூடானது. மாமி எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். அவருக்கும் கம்பெனியில் பதில் ஆள் வந்தால்தான் லீவு. பாஸ்போர்ட்டை அவர்களே வாங்கி வைத்திருந்தார்கள். அதை வெளிப்படையாகக் கேட்டால் மாமா முகம் வாடும், மாமி அழுவார். காவல்காரனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். அவன் பொண்டாட்டி மெலிந்துபோய்விட்டாள் என்பேன். அவளை வேளைக்குச் சாப்பிடச் சொல் என்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காவல்காரன் கம்பெனி வாசலில் நிற்கிற யாரோ நம் ஊர்ப் பிள்ளை என்று மாமி நினைத்துக்கொண்டார். தொழுது முடித்துக் கையேந்தும்போது, யா அல்லா, என் மகனுக்கும் அந்தக் காவக்காரப் புள்ளைக்கும் லீவு கிடைக்கச் செய் என்று சேர்த்தே கேட்பார். நான் உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். திருத்தவில்லை. துஆதானே, யாருக்குக் கேட்டால் என்ன.

அடுத்த பார்சலில் நான்காவது புத்தகம் வந்தது. மூன்றாவதைக் காணோம். கேட்டதற்கு, அது நன்றாயில்லை, வேண்டாம், இதையே படி என்றார். நானும் படித்தேன். காவல்காரன் ஒரு பக்கத்தில்கூட வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கே போய்த் தொலைந்தான் அவன் என்று அந்த வெள்ளிக்கிழமையே சண்டைக்குப் போனேன்.

"அவன் வூட்டுக்குப் போயிட்டான், அதான் இதுல இல்ல. படி ஏறி வரான், அவ வெளக்கோட நிக்கிறா. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. அவ கையிலேர்ந்து வெளக்க வாங்கி அவன் கீழ வெக்கிறான். அவ்ளோதான்."

கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது. நான் ரிசீவரை வைக்காமல் நின்றேன். மாமா என்ன விஷயம் என்றார். காவல்காரன் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் மாமா என்றேன். மாமி அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

மச்சான் வரவில்லை. ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பாமல் படுத்தே கிடந்திருக்கிறார். எழுப்பிப் பார்த்தால் உடம்பு சில்லிட்டுக் கிடந்திருக்கிறது. மாரடைப்பு என்றார்கள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். எனக்கு அவர் முகத்தைக் கடைசியாக ஒரு தரம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. யாரை என்ன கேட்பது? நான் இத்தாவில் உட்கார்ந்தேன். புருஷன் மௌத்தானால் அயல் ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய காலம் அது.

அந்தக் காலத்தில்தான் திட்டக்குடிக்காரர் லீவில் வந்து, மச்சானுடைய பெட்டியைக் கொடுக்க வீட்டுக்கு வந்தார். கூடத்தில் மாமாவுக்கு எதிரே அவர், அறைக்குள் திரைக்குப் பின்னால் நான். சட்டைகள், தொழுகைப் பாய், ஷேவிங் செட் என்று ஒவ்வொன்றாக எடுத்து மாமி உள்ளே நீட்டினார். அவற்றோடு ஒரு தடிப் புத்தகமும் வந்தது. மூன்றாவது.

திரைக்குப் பின்னாலிருந்தே கேட்டேன்: "இது நல்லா இல்லன்னு சொன்னாங்களே?"

"யாரு, அண்ணனா? அண்ணி, எல்லாத்துலயும் இதாங்க நல்ல புக்கு. நான் படிச்சு சொன்னன்னிக்கு அண்ணன் சோறே துன்னல. ஒங்களுக்கு அனுப்பத்தான் வாங்கனாரு. அப்புறம் வேணாம்னு பொட்டியில வெச்சுட்டாரு."

"காவல்காரன்?"

தொண்டையைச் செருமுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் மாமி அழுத குரலிலேயே அவரிடம் கேட்டார்:

"ஏம்ப்பா, அந்தக் காவக்காரப் புள்ள, அதாச்சும் நல்லபடியா அது வூட்டுல இருக்குதா?"

அந்த மனுஷனின் முகத்தை நான் பார்க்கவில்லை. இன்றைக்குத் தெருவில் எதிரே வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. ஆனால் அவர் சொன்னதை மறக்க மாட்டேன்.

"இருக்காரும்மா. நல்லா இருக்காரு."

இத்தா முடிவதற்குள் மூன்றாவதைப் படித்துவிட்டேன். திட்டக்குடிக்காரர் சொன்னது சரிதான், அதுதான் நல்ல புத்தகம். காவல்காரன் கதவடியிலேயே செத்துப்போகிறான். மதில் மேல் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. படி ஏறி வருவதும் விளக்கை வாங்கிக் கீழே வைப்பதும் புத்தகத்தில் எந்த மூலையிலும் இல்லை. இரண்டு தரம் தேடிவிட்டேன். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இப்படி ஒரு பொய்யை இவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்த மனுஷன், எத்தனை வெள்ளிக்கிழமைகளை சாப்பிட்டேன் சாப்பிட்டேன் என்றே வீணாக்கிவிட்டார். அப்புறம் அழுதேன்.

நாத்தனாரின் அந்தக் கைக்குழந்தை இப்போது காலேஜ் போகிறாள். அந்தக் கேமை யாரோ புதிதாக்கி விட்டிருக்கிறார்களாம், அவளும் ஆடுகிறாள். போன வாரம் வந்து, காலண்டர் அட்டையோடு இருக்கிற புத்தகங்களைப் பார்த்துவிட்டு, எதில் தொடங்கட்டும் மாமி என்று கேட்டாள். முதல் புத்தகம் சுமார், பொறுத்துக்கொண்டு படி, இரண்டாவதில் பிடித்துக்கொள்ளும், அப்புறம் நேரே நான்காவது என்றேன்.

"மூணாவது?"

"அது வேணாம். நல்லா இருக்காது" என்றேன்.